நான்காவது லேபிள்

பசை ஈரமாக இருந்தது.

வெள்ளையடிக்க ஆள் வருவதால் பரணை ஒழித்துக்கொண்டிருந்த சுதாராணி, சிறுவயதில் படித்த அந்த நாவலின் அட்டையைத் திறந்தபடி நின்றாள். ஞாயிற்றுக்கிழமை மதியம், கரண்ட் இல்லை. ஆறு நாளும் தீப்பெட்டி ஆபீஸில் நின்ற கால்கள் தனியாக வலித்துக்கொண்டிருந்தன. நாவலில் ஒரே தெருப் பிள்ளைகள் நாலு பேர் புதையல் தேடுவார்கள். அப்போது இவர்கள் தெருவிலும் நாலு பேர்: சுதாராணி, பிரேமா, இசக்கிதுரை, செல்வலட்சுமி. தலைகள் முட்ட வாசிப்பார்கள். எழுத்துக்கூட்டுகிற செல்வலட்சுமி அடிவரிக்கு வரும்வரை ஒருவரும் தாளைத் திருப்பமாட்டார்கள். வீட்டில் தீப்பெட்டி ஒட்டக் காய்ச்சிய பசையைத் தொட்டு, ஆளுக்கொரு தீப்பெட்டி லேபிளில் பேரெழுதி உள்ளட்டையில் ஒட்டியிருந்தார்கள். லேபிள் இருந்தால்தான் புதையல் தேடும் படையில் ஆள்.

செல்வலட்சுமியின் லேபிளை அப்போதே கிழித்தது சுதாராணிதான். இப்போது அது அங்கே இருந்தது. பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்த மைதாப் பசை மணத்தது.

புதியம்புத்தூரில் தைத்துக்கொண்டிருந்த பிரேமாவுக்குப் போன் போட்டு, நாவல் கிடைத்ததைச் சொன்னாள்.

"அதை எரிச்சிட்டேன்னுல்லாட்டி சொன்ன?"

"மனசு வரலை. நான் ஆசையா படிச்சது அது ஒண்ணுதான்."

"கரையானுக்கும் உன் மனசுபோல. விட்டு வச்சிருக்கு."

"பிரேமா, அவ லேபிள் இருக்கு. ஈரமா."

தையல் மிஷின் சத்தம் நின்றது.

அன்றைக்குப் புதையல் தேடி, நாவலில் வருவதுபோலவே, பருத்திக் காட்டின் பாழ்கிணற்றில் எடை குறைந்த செல்வலட்சுமியைத்தான் இறக்கினார்கள். முந்தின நாள் மழையில் ஊறியிருந்த கரிசல் அப்படியே சரிந்தது. பிறகு மண்ணுக்கடியிலிருந்து, தீப்பெட்டியைக் குலுக்கும் சத்தம். மூன்று முறை. படையின் விதிப்படி, அது கேட்டால் தலைவி பதிலுக்கு மூன்று முறை குலுக்கவேண்டும். தலைவி சுதாராணிதான்; கையில் பெட்டி இருந்தது. குலுக்காமல் ஓடிவந்தாள். தேடி வந்தவர்களிடம், "நாங்க மூணு பேருதான் போனோம்" என்றாள். மற்ற இருவரும் அதையே சொன்னார்கள்.

இப்போது அடுப்படிப் பக்கம் அதே சத்தம் கேட்டது.

ஒன்று. இரண்டு. மூன்று.

ஈர மண் வாசனை. மே மாதத்தில்.

முப்பத்தைந்து வருடம் இந்தச் சத்தத்தைக் கேட்காததுபோல் இருந்ததிலேயே அவள் தேய்ந்துபோயிருந்தாள். பயப்படக்கூடத் தெம்பு மிஞ்சவில்லை. விளக்கு மாடத்திலிருந்த தீப்பெட்டியை எடுத்தாள். குலுக்கினாள், மூன்று முறை.

சத்தம் அடங்கியது. அப்பாடா என்று உட்கார்ந்து அட்டையைப் பார்த்தாள். செல்வலட்சுமியின் லேபிள் காய்ந்து, பழுத்து, மற்றவற்றைப்போலவே இருந்தது. பக்கத்தில் சுதாராணியின் இடம் மட்டும் வெள்ளையாக, புதிதாகக் கிழிபட்டு.

போனை மறுபடி காதில் வைத்தாள். "பிரேமா, என் லேபிளைக் காணோம்."

"யாரு பேசுதது?"

"நான்தாட்டி, சுதா."

போனுக்கு அந்தப் பக்கம் யாரோ எழுத்துக்கூட்டி வாசிக்கும் சத்தம். பிரேமாவின் குரல் பத்து வயதுக் குரலாக இருந்தது.

"அப்படி யாரும் வரலையே. நாங்க மூணு பேருதான் போனோம்."

ஜன்னல் இருந்த இடத்தில் வெளிச்சம் இல்லை. கால் நகரவில்லை. கணுக்கால்வரை குளிர்ந்த மண். பிறகு முழங்கால்வரை. வாயிலும்.

கையில் பெட்டி இருந்தது.

குலுக்கினாள். மூன்று முறை.

மேலே, காலடிகள் ஓடின.