இடக்கைக் கீறல்கள்

"அம்மா, இந்த இடத்துல மட்டும் எதிர்த் திசையில தேச்சிருக்க," என்றாள் கெரின், ஷெட் வாசலில் நின்றபடி. "அப்பா தேச்ச மாதிரியே இருக்கு."

லினெட் மடியிலிருந்த டேப்பட் கவரை, கார் எஞ்சினின் உலோக மேல்மூடியை, குனிந்து பார்த்தாள். நானூறாம் நம்பர் உப்புத்தாளால் அவள் தேய்த்த கீறல்கள் வலப்பக்கம் சாய்ந்திருந்தன. அவற்றின் மேல், உள்ளங்கை அகலத்துக்கு, இடப்பக்கம் சாய்ந்த மெல்லிய கீறல்கள். வீட்டில் இடக்கைக்காரன் அவள் கணவன் கிளென் ஒருவன்தான். மார்ச் மாதம் ஜாக்கி நழுவி, ஷெட்டில் நிற்கும் இதே காருக்கு அடியில் செத்துப்போனான்.

"கை வலிச்சுது, மாத்திப் பிடிச்சேன்."

"சனிக்கிழமைக்குள்ள முடிச்சிடுவியா? இந்த வண்டியிலதான் என்னை என் கல்யாணத்துக்குக் கூட்டிட்டுப் போவேன்னு அப்பா சொல்லிட்டே இருந்தாரு."

"முடிச்சிடுவேன். நீ போயி டீ போடு."

ஒயல்லா ஊரின் வடக்குக் காற்று கதவிடுக்கில் செம்மண்ணைத் தள்ளிக்கொண்டிருக்க, பிற்பகல் வெயிலில் தகரக் கூரை டக் டக்கென்று விரிய, மண்ணெண்ணெயும் ஈர உலோகமும் கலந்த வாசம் தொண்டைவரை இறங்க, லினெட் எண்ணூறாம் நம்பர் தாளை எடுத்துக் குறுக்கே தேய்க்கத் தொடங்கினாள். ரேடியோவை அவள் மார்ச்சிலிருந்து போடுவதில்லை.

டீ வேண்டுமென்றால் கிளென் ஸ்பேனரால் மூன்று தட்டு தட்டுவான். செத்த அன்றும் காருக்கு அடியிலிருந்து தட்டினான். மறுபடி மூன்று. மறுபடியும். காலையில் போட்ட சண்டையின் கோபத்தில், வேண்டுமானால் வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினாள் அவள். அவன் தட்டியது டீக்கு இல்லை என்று பிணத்தைப் பார்த்தபோதுதான் புரிந்தது. போலீஸிடமும் மகளிடமும் தனக்கு எந்தச் சத்தமுமே கேட்கவில்லை என்றாள். கெரினுக்கு அது தெரிந்தால் இந்த ஜென்மத்தில் அம்மா என்று கூப்பிட மாட்டாள்.

இடக்கைக் கீறல்கள் மறைந்தன. உலோகத்தில் அவள் முகம் மங்கலாகத் தெரிந்தது. கவரை மேசையில் வைத்துவிட்டு, தாளை நனைக்க வாளிக்குள் கைவிட்டாள்.

தேய்க்கும் சத்தம் நிற்கவில்லை.

கை தண்ணீருக்குள் இருந்தது. சத்தம் மேசையிலிருந்து வந்தது.

கவரைப் புரட்டினாள். உட்புறம் வார்ப்பின் சொரசொரப்போடு அப்படியே இருக்கும். அதை யாரும் மெருகிடுவதில்லை. அங்கே நாணயம் அளவுக்கு ஒரு பளபளப்பு. அதைச் சுற்றி, உலோகம் தேய்ந்த ஈரமான சாம்பல்நிறக் குழம்பு. கீறல்கள் இடப்பக்கம் சாய்ந்திருந்தன.

கவர் கை நழுவி, வெளிப்புறம் மேலாக மேசையில் விழுந்தது.

டக். டக். டக்.

"அம்மா," சமையலறையிலிருந்து கெரின். "யாரோ தட்டுறாங்க. மூணு தடவ. உனக்குக் கேட்டுச்சா?"

லினெட் கவரையே பார்த்தாள். இப்போது சொல்லிவிடலாம். கேட்டது என்று ஒரே வார்த்தை.

"இல்லடி. எனக்கு ஒண்ணுமே கேக்கல."

தேய்க்கும் சத்தம் மீண்டும். வேகமாக. இன்னும் வேகமாக.

மெருகின் நடுவில் ஊசித்துளை. சாம்பல் குழம்பு ஒரு சொட்டு. துளை விரிந்தது. நகம் முழுதும் தேய்ந்துபோன விரல் நுனி ஒன்று அதன் வழியே மேலே வந்து, பதம் பார்ப்பதுபோல் விளிம்பை மெல்லத் தடவியது.

முற்றத்தில் டீக் கோப்பைகளோடு கெரினின் காலடிச் சத்தம் நெருங்கி வந்துகொண்டிருந்தது.