நாற்பத்தொன்றாம் எண்ணுக்கு ஐந்து மார்க்

"அந்த நாப்பது நிமிஷம் நான் யார்கிட்டயும் சொல்லல…"

வாசல் தூணைப் பார்த்து ஒருவன் பேசிக்கொண்டிருந்தான். மழைக்கு ஒதுங்கியவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த வரி… போன வாரம் அவள் படித்த வரி!

அதே கட்டடத்தின் மூன்றாவது மாடியில் அவள் அண்ணனின் ஆபீஸ். கணினி மாநாட்டுக்குப் பேச்சாளர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவுக்கு அண்ணன்தான் தலைவன். இருநூற்றுப் பதினெட்டு விண்ணப்பங்கள், இருபத்துநாலு இடங்கள். பெயரை மறைத்து, எண் மட்டும் போட்டு ஐந்து பேருக்கு அனுப்புவார்கள். ஆளுக்கு ஐந்துக்கு மார்க். புதுசாகக் கேட்பவர்களுக்குப் புரியுமா என்று சொல்ல ஒரு கல்லூரி மாணவிக்கும் இடம் உண்டு. இந்த வருஷம் அது அவளுக்கு. தங்கச்சிக்கு சீட்டு கொடுத்துட்டான் என்ற முணுமுணுப்பு அண்ணன் காது வரை வந்திருந்தது.

எண் நாற்பத்தொன்று. தவறாக அடித்த ஒரே கட்டளையில் ஒரு மருத்துவமனையின் மூன்று நாள் பதிவுகளை அழித்துவிட்டு, நாற்பது நிமிஷம் வாய் திறக்காமல் இருந்தவனின் கதை. அவள் போட்டது மூன்று. 'தைரியம் இருக்கிறது, பாடம் இல்லை' என்று குறிப்பு வேறு.

அவன் திரும்பினான். தூங்காத கண்கள். ஆனாலும்… என்ன கண்கள்!

"ஒட்டுக் கேக்கறீங்களா?"

"தூணோட பேசறவங்க கொஞ்சம் மெதுவா பேசணும்."

"தூணு யார்கிட்டயும் போய் சொல்லாது. அதான்."

சிரிப்பை அடக்கப் பார்த்து இரண்டு பேருமே தோற்றார்கள். கீழ்த்தளத்து சர்வர் அறையில் வேலை என்றான். மேடை ஏறிப் பழக்கமே இல்லையாம். தேர்வாகிவிடுமோ என்று ஒரு பயம், ஆகாமல் போய்விடுமோ என்று இன்னொரு பயம். மழை விட்ட பிறகும் அவள் அங்கேயேதான் நின்றாள். அடுத்த நாளும் நின்றாள்… அதற்கு அடுத்த நாளும். மார்க் போடுகிறவர்களில் தானும் ஒருத்தி என்று மட்டும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை மதியம், யாரும் பார்க்காதபோது, மூன்றை ஐந்தாக்கினாள்.

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. அந்தப் பேச்சு நிஜமாகவே நல்லதா? இல்லை, அவன் கண்கள்தான் நல்லதா? எத்தனை தடவை படித்தாலும் அவன் குரலில்தான் கேட்டது. எப்படிக் கண்டுபிடிப்பது?

சனிக்கிழமை கூட்டம். ஒவ்வொரு எண்ணுக்கு முன்னாலும் அண்ணன் ஒரே கேள்வியைக் கேட்டான். இதை எழுதியவர் யாருக்காவது வேண்டியவரா, அப்படியென்றால் வெளியே போய்விட வேண்டும், அவர் போட்ட மார்க்கும் செல்லாது. வெறும் சம்பிரதாயம். யாரும் எழுந்ததில்லை.

கடைசி இடம் ஒன்றுதான் பாக்கி. நாற்பத்தொன்றா, நூற்றேழா? நாற்பத்தொன்று ஒரே ஒரு மார்க் முன்னால். அவள் மாற்றிய மார்க்கில்தான் அது நிற்கிறது.

குழுவில் இருந்த கண்ணாடி போட்ட மேடம் திரையை உற்றுப் பார்த்தார். யாரோ மார்க்கைத் திருத்தியிருக்கிறார்களே என்றார். மறுபடி படித்துப் பார்த்திருப்பார்கள் என்று அண்ணன் சமாளித்தான். சமாளிப்பது தங்கச்சிக்காக என்று அவனுக்கே தெரியாமல்! அவள் திரையிலிருந்து கண்ணை எடுத்தாள். பேசாமல் இருந்தால் போதும்… தூணோடு பேசியவன் மேடை ஏறிவிடுவான். யாருக்கும் தெரியப் போவதில்லை.

நாற்பது நிமிஷம் யார்கிட்டயும் சொல்லாதவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போதுதான் புரிந்தது. இதிலா பாடம் இல்லை என்று எழுதினோம்?

"வேண்டியவங்க யாராவது?" என்றான் அண்ணன், தலை நிமிராமல்.

அவள் எழுந்தாள். நாற்காலி கிறீச்சிட்டது.

"பேரே இல்லையேம்மா… உனக்கு எப்படித் தெரியும்?"

"அவர் பேசிக் கேட்டேன்."

"சொந்தமா? கூடப் படிக்கிறவனா?"

"ரெண்டும் இல்லண்ணா. மார்க்கை மாத்தினது நான்தான். எடுத்துடுங்க."

அண்ணனின் காது சிவந்துவிட்டது. இத்தனை பேர் முன்னால்… தலைகுனிய வைத்துவிட்டோமே! அவன் அவள் போட்ட மார்க்கை நீக்கினான். கதவைக் கைகாட்டினான்.

படிகளில் எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. சர்வர் அறைக் கதவைத் தட்டினாள். திறந்தவனிடம் மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினாள். மேலே மார்க் போடுகிறவர்களில் தானும் ஒருத்தி, முதலில் போட்டது மூன்று, பிறகு ஐந்து, இப்போது ஒன்றுமே இல்லை…

அவன் முகம் வெளுத்தது.

"அப்ப எனக்குக் கெடைக்காதா?"

"தெரியல. கெடைக்காமப் போகலாம். மேல உங்களதப் பத்திதான் பேசிட்டிருக்காங்க."

"நீங்க ஏன் வெளிய வந்தீங்க?"

தரையைப் பார்த்தாள். சொல்லாமல் ஓடிவிடலாமா?

"வேண்டியவங்களோடது வந்தா… உள்ள உக்காரக் கூடாது."

சொல்லிவிட்டு அவள் கிளம்பத் திரும்பினாள்.

"எனக்கு இடம் வேணும்னா, 'நான் வேண்டியவன் இல்ல, திரும்பப் போய் உக்காருங்க'ன்னுதான் நான் சொல்லணும்," என்றான் அவன் மெதுவாக. "ஆனா… சொல்ல மனசு வரல."