நல்ல எர்த்

இரண்டாவது அடியிலேயே ராடு தானாக இறங்க ஆரம்பித்தது. ஓங்கிய சம்மட்டியை அந்தரத்தில் பிடித்தபடி எலெக்ட்ரீஷியன் பார்த்துக்கொண்டு நின்றான். காலையிலிருந்து அந்தத் தெரு நெடுக மற்றக் குழிகளில் ஆள் உயர எர்த் ராடை இறக்க அவனும் மச்சினனும் மாற்றி மாற்றி அடித்து, தோள்பட்டை கழன்று கையோடு வந்துவிடும் போலிருந்தது. கல்லும் சரளையும் கலந்த மண், ஒவ்வொரு விரற்கடைக்கும் தகராறு செய்தது. இந்தக் கடைசிக் குழியில் மட்டும் ராடு சத்தமே இல்லாமல், தண்ணீருக்குள் குச்சி போவதுபோல் போய், ஒரு சாண் வெளியே மிச்சம் வைத்து நின்றது.

"உங்க வீட்டு வாசல்னு மண்ணுக்கே தெரிஞ்சிருக்கு மாமா" என்றான் மச்சினன்.

தெருவோரத்தில் கார்களுக்கு சார்ஜ் ஏற்றும் கம்பம் ஒவ்வொன்றுக்கும் கீழே இப்படி ஒரு ராடு போக வேண்டும். கம்பத்தில் மின்சாரம் கசிந்தால், அது தொட்டவனைத் தாக்காமல் ஒயர் வழியாக ராடுக்கும் ராடிலிருந்து மண்ணுக்கும் போய்விடும். மண் எவ்வளவு சுலபமாக வாங்கிக்கொள்கிறது என்று மீட்டர் வைத்துப் பார்ப்பார்கள். எண் குறையக் குறைய நல்ல எர்த். இங்கே மீட்டர் பூஜ்யம் காட்டியது. மீட்டர் செத்துவிட்டதோ என்று பக்கத்துக் குழியில் வைத்தான், ஒழுங்காகக் காட்டியது. திரும்ப இங்கே வைத்தான், பூஜ்யம். இத்தனை வருஷ வேலையில் அப்படியோர் எர்த்தை அவன் கண்டதில்லை. சந்தோஷத்தில் மச்சினனுக்கு டீ வாங்கிக் கொடுத்தான்.

அந்தக் கம்பம் அங்கே வந்ததே பெரிய கதை. தெருவில் சார்ஜர் வைக்க மாநகராட்சி அனுமதி கொடுத்துவிட்டது, தெருதான் கொடுக்கவில்லை. நடைபாதை குறுகிவிடும், வண்டி நிறுத்த இடம் போய்விடும், கண்டவனும் வந்து நிற்பான் என்று ஆளுக்கொரு காரணம். எதிர்வீட்டு வக்கீல் கேஸ் போடுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். அவரை மடக்கியது எலெக்ட்ரீஷியனின் மனைவிதான். அவள் வாடகைக் கார் ஓட்டுகிறவள். மின்சாரக் கார் வாங்கியதிலிருந்து ஜன்னல் வழியே ஒயரை நீட்டி, நடைபாதையில் போகிறவர்கள் அதில் தடுக்கி, தினமும் ஒரு பஞ்சாயத்து. தெருக் கூட்டத்தில் எழுந்து நின்றவள், வக்கீலுக்கே வாதம் மறந்துபோகும் வரை பேசிவிட்டு உட்கார்ந்தாள். அவள் வாய் அப்படி.

சாயங்காலம் வந்து வண்டியை சார்ஜில் போட்டதும் அன்றைய சவாரிகளின் கதை ஆரம்பிக்கும். மாப்பிள்ளையைத் திட்டிக்கொண்டே வந்த மாமியார், பாதி வழியில் போன் போட்டுக் காதலை முறித்துக்கொண்ட பையன், தூங்கிப்போய்த் தன் வீட்டையே மறந்த பெரியவர் என்று ஒவ்வொருவர் குரலிலும் பேசிக் காட்டுவாள். அவன் காதில் போட்டுக்கொள்ளாதவன்போல் ஸ்க்ரூ எதையாவது திருகிக்கொண்டிருப்பான். உண்மையில் அவனுக்கு அந்தப் பேச்சுதான் வீடு. அது இல்லாவிட்டால் நாலு சுவர்தான். அதை அவளிடம் அவன் சொன்னதில்லை, சொன்னால் இன்னும் பேசுவாள் என்ற பயம்தான்.

ராடு இறங்கிய அன்றே அவன் இன்னொரு காரியமும் செய்தான். ஊரார் வீட்டு ஒயரையெல்லாம் பார்க்கிறவன் வீட்டில் எர்த் படு மோசம். ஃப்ரிட்ஜ் கதவைத் தொட்டால் சுள்ளென்றிருக்கும், குளியலறைக் குழாய் சில நாள் விரலைக் கடிக்கும், அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்வான். வாசலில் இப்படி ஒரு எர்த் கிடைத்தால் எந்த எலெக்ட்ரீஷியன் விடுவான்? மச்சினன் போனதும் வீட்டு எர்த்தையும், குழாயையும் அதோடு சேர்த்து, ஓர் ஒயரில் இழுத்து அதே ராடில் முடுக்கிவிட்டான். செய்யக்கூடாத வேலைதான், ஆனால் குழியின் மேல் சிமெண்டு மூடி போட்டுவிட்டால் யார் பார்க்கப் போகிறார்கள். அன்றிரவு ஃப்ரிட்ஜ் கடிக்கவில்லை.

முதலில் அடங்கியது வக்கீல். கம்பம் வேலை செய்ய ஆரம்பித்த வாரம், தன் காரை எடுக்க முடியவில்லை என்று சண்டைக்கு வந்தவர் பேச்சின் வேகத்தில் கம்பத்தைக் கையால் ஓங்கித் தட்டினார். தட்டிய கையை எடுக்கவில்லை. ஏதோ ஞாபகம் வந்தவர்போல் அப்படியே நின்று, பிறகு திரும்பி வீட்டுக்குள் போய்விட்டார். அதன்பின் கேஸும் இல்லை, புகாரும் இல்லை. தினமும் ஒருமுறை வந்து கம்பத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பார், போவார். தெருவே நிம்மதிப் பெருமூச்சு விட்டது. அவரை மாதிரியே மனைவி பேசிக் காட்ட, அவன் அன்று வாய்விட்டுச் சிரித்தான்.

அவள் பேசிக் காட்டிய கடைசிக் குரல் அதுதான்.

அது கடைசி என்று அவனுக்கு உடனே உறைக்கவில்லை. களைப்பு என்று நினைத்தான். சவாரி எப்படி என்று கேட்டால், இருந்துச்சு என்பாள். யார் ஏறினார்கள் என்றால், ஆளுங்கதான் என்பாள். டாக்டரிடம் கூட்டிப்போனான், ரத்தமெல்லாம் நன்றாக இருக்கிறது, ஓய்வு எடுக்கட்டும் என்றார். மச்சினன் போன் செய்து, அக்கா எதைக் கேட்டாலும் 'ம்' மட்டும் சொல்கிறது, உங்களுக்குள் சண்டையா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். சண்டையாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று இவனுக்குத் தோன்றியது.

வீட்டுக்குள் ஒரு வாசனை வந்திருந்தது. மழை பெய்யாத நாட்களில் மண் வாசனை. முதல் மழையில் கிளம்புகிற நல்ல வாசனை இல்லை, வெகுநாள் மூடிக்கிடந்த தண்ணீர்த் தொட்டியைத் திறந்தால் முகத்தில் வந்து மோதுமே, அது. கழுவும் தொட்டி ஓட்டைகளை அடைத்துப் பார்த்தான். கட்டிலுக்கு அடியில் தேடினான். குழாய்களில் மூக்கை வைத்தால் அதிகமாக இருந்தது. சத்தமும் இருந்தது. கார் சார்ஜ் ஏறும்போது கம்பம் இலேசாக முனகும், எல்லாக் கம்பமும் முனகும், அது இல்லை. காரைக் கழற்றிய பிறகும் அந்த முனகலுக்கு அடியில் இன்னொன்று ஓடிக்கொண்டே இருந்தது, பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு யாரோ விடாமல் பேசுவது சுவர் வழியாகக் கேட்பதுபோல. வார்த்தை பிடிபடாது. தலையணையில் காதை அழுத்தினால் கொஞ்சம் கூடும்.

ஒருநாள் குளியலறைக் கதவு திறந்திருந்தது. அவள் குழாயைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். தண்ணீர் வரவில்லை. குழாய் திறக்கவே இல்லை.

"என்ன பண்ற?"

"கை கழுவுறேன்" என்றாள்.

கை காய்ந்திருந்தது. அவன் தொட்டபோது ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்ததுபோல் இருந்தது. குழாயிலிருந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான், அவள் அதைத் தடுக்கவும் இல்லை, உதவவும் இல்லை. குழாய் எதோடு சேர்ந்திருக்கிறது என்பது ஒயர் போட்ட அவனைவிட யாருக்குத் தெரியும்.

மறுநாள் சாயங்காலம், தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கும் நேரத்தில், அவன் கடப்பாரையால் குழி மூடியை நெம்பினான். அந்த வாசனை எழும்பி முகத்தில் அறைந்தது. டார்ச்சை அடித்தான். ஒரு சாண் வெளியே நின்ற ராடைக் காணவில்லை. கண்ணைச் சுருக்கிப் பார்த்தபோது, அது மண்ணுக்குள் ஒரு கை ஆழத்தில் தலை மட்டும் தெரியக் கிடந்தது. தொளதொளவென்று சுருட்டி விட்டிருந்த எர்த் ஒயர் விறைத்து, சுண்டினால் ஒலிக்கும் போலிருந்தது. எர்த் ராடு திருடு போனதை அவன் பார்த்திருக்கிறான். திருடன் மேலேதான் இழுப்பான்.

கம்பத்தின் சுவிட்சை அணைத்தான். வீட்டுக்குப் போய் மெயினையும் இறக்கினான். தெருவில் அவன் வீடு மட்டும் இருண்டது. இனி இந்த ஒயரில் ஒன்றும் ஓடக் கூடாது. ஒயரைக் கவ்விப் பார்க்கும் மீட்டரை மாட்டினான். ஓடியது. எண் ஏறியது. இறங்கியது. மெதுவாக ஏறியது, ஒரு கணம் நின்றது, இறங்கியது. எந்த மின்சாரமும் அப்படி ஓடாது.

நிமிர்ந்து பார்த்தான். சமையலறை ஜன்னலுக்குள் அவள், தெருவிளக்கின் வெளிச்சம் பாதி முகத்தில். செத்துக்கிடந்த ஃப்ரிட்ஜின் கதவில் இரண்டு உள்ளங்கைகளையும் பதித்திருந்தாள். மூச்சு இழுத்தபோது தோள் உயர்ந்தது. மீட்டரில் எண் உயர்ந்தது. தோள் தாழ்ந்தது. எண் தாழ்ந்தது. அவன் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். தோள். எண். தோள். எண்.

அவளை அது குடிக்கிறது. வேறு எப்படிச் சொல்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. அவன் போட்ட ஒயர், அவன் முடுக்கிய நட்டு, அவன் பெருமைப்பட்ட எர்த், அது வழியாக அவன் பெண்டாட்டியைச் சொட்டுச் சொட்டாகக் குடிக்கிறது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு கோபம் வந்தது, கோபம் வந்ததால் கை ஓடியது. ரப்பர் கையுறையை மாட்டினான். கட்டரை எடுத்தான். குழிக்குள் தலைகீழாகத் தொங்கி, விறைத்த ஒயரைக் கட்டரின் வாயில் கொடுத்தான். கைப்பிடி வழியாக அதன் துடிப்பு முழங்கை வரை ஏறியது. ஒயர் ஒருமுறை வெடுக்கென்று மேல்பக்கமாக இழுபட்டது. இரண்டாவது முறையும் இழுபட்டது.

அவன் வெட்டினான்.

அறுந்த முனை பாம்பு வளைக்குள் ஓடுவதுபோல் மண்ணுக்குள் ஓடி மறைந்தது. ராடின் தலையும் அதோடு போயிற்று. அது இருந்த இடத்தில் ஒரு துளை, உள்ளங்கை அகலம், டார்ச் வெளிச்சத்துக்கு அடி காட்டாத துளை. சுவருக்குப் பின்னால் யாரோ பேசுவதுபோல் கேட்டுக்கொண்டிருந்தது நின்றது. இத்தனை நாள் கேட்டுக்கேட்டுப் பழகிவிட்டதால், அது நின்ற பிறகுதான் அது எவ்வளவு பெரிய சத்தம் என்று தெரிந்தது. அவன் நடைபாதையில் மல்லாந்து விழுந்து, மூச்சு வாங்க, சிரித்தான். எழுந்து அவளைக் கூப்பிட்டான்.

அவள் வாசல்படிக்கு வந்தாள்.

"சாப்பிட வா" என்றாள்.

அதே குரல். ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. கொஞ்ச நேரம் ஆகும், உடம்புக்குள் திரும்ப வர நேரம் ஆகும் என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அவள் முகத்தையே பார்த்தான். தெருவிளக்கில் அந்த முகம் துடைத்து வைத்த தட்டாக இருந்தது.

அப்போது குழிக்குள் பேச்சுக் கேட்டது.

மிக ஆழத்தில். வார்த்தை வார்த்தையாக, மூச்சு விடாமல். ஏர்போர்ட்டுக்குப் போன ஒரு குடும்பம், டிக்கியில் அடங்காத பெட்டி, அதன் மேல் ஏறி உட்கார்ந்த தாத்தா, அந்தத் தாத்தா என்ன சொன்னார் என்றால், என்று தாத்தாவின் குரலிலேயே அது சொல்லிக்கொண்டிருந்தது. அவன் கேட்டிராத கதை. இருட்டில் பயப்படாமல் இருக்க ஒருத்தி தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல், தாத்தா முடிவதற்குள் அடுத்த சவாரி, அது முடிவதற்குள் இன்னொன்று. அவளேதான். அவன் மண்டியிட்டான். குப்புறப் படுத்துத் துளைக்குள் கையை விட்டான். தோள் வரை விட்டான். ஈர மண். காற்று. ஒன்றும் இல்லை.

அவள் பெயரைச் சொல்லிக் கத்தினான். கீழே பேச்சு நின்றது.

"ஏன்யா விட்ட?" என்றது. கோபம் இல்லை. ஆச்சரியம் மட்டும்தான். "ஒயரைப் பிடிச்சுக்கிட்டுத்தானே இருந்தேன்."

அவன் விரல்கள் மண்ணைக் கீறின. நகம் உரிந்தது. குரல் இறங்கிக்கொண்டிருந்தது. மச்சினனுக்குப் போன் போட வேண்டும். தோண்ட வேண்டும். கடப்பாரை. கடப்பாரை எங்கே.

பின்னால் வெறுங்கால்கள் படி இறங்கி வந்தன. அவள் அவன் முழங்கையைப் பிடித்து, அந்த ஜில்லிட்ட கையால், மெதுவாக, துளையிலிருந்து வெளியே எடுத்தாள். அவனால் உதற முடியவில்லை. எதிர்வீட்டு வாசலில் வக்கீல் வந்து நின்றிருந்தார். அவள் சிமெண்டு மூடியை ஒற்றைக் கையால் இழுத்துக் குழியின் மேல் பொருத்தினாள், விளிம்பில் ஒட்டியிருந்த மண்ணைத் தள்ளிச் சரிசெய்தாள், அதன் மேல் ஏறி நின்றாள்.

"தொறந்து வைக்காத" என்றாள். "யாராவது விழுந்துடுவாங்க."

அவள் பாதங்களுக்குக் கீழே, சிமெண்டுக்குக் கீழே, அவள் பேசிக்கொண்டே போனாள்.