பாதியில் விட்ட வரி

மூன்றாம் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது அவள் மனசுக்குள் யாரோ சளியை இழுத்து விழுங்கினார்கள். அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறவள் அவள். திடுக்கிட்டுத் திரும்பினாள். பட்டப்பகல் பதினொரு மணி, பக்கத்து நாற்காலி காலி.

அது வாசிப்புக்காரரின் நாற்காலி. ஒன்பது வருஷமாக அவர் மூலப்பிரதியைச் சத்தமாக வாசிக்க, அவள் அச்சுத்தாளில் பிழை திருத்தி வந்தாள். மனுஷன் தங்கம்தான். ஆனால் அந்த வாய் இருக்கிறதே, கர்மம்! சொத்தைப்பல்லை உறிஞ்சாமல் ஒரு வரி முடியாது, எச்சில் தெறிக்காமல் ஒரு பக்கம் நகராது. போன வாரம் ஒரு வரியின் நடுவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவர் எழுந்திருக்கவே இல்லை. வாசிப்பவர் பாதியில் நிறுத்தினால் பத்தியின் தொடக்கத்திலிருந்துதான் மறுபடி ஆரம்பிக்க வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். ஆனால் முதலாளி அவசரம் என்று குதித்ததால், அந்தச் சட்டத்தை மீறி, அவர் விட்ட சொல்லுக்கு அடுத்த சொல்லைப் பிடித்து, மனசுக்குள்ளேயே படித்து முடித்துவிட்டாள்.

அதற்கப்புறம் கண் எந்த எழுத்தில் பட்டாலும் மனசுக்குள் அவர் குரல்தான். மாத்திரை அட்டை, பேருந்துப் பலகை, சோப்பு உறை எதுவும் மிச்சமில்லை. இன்னொருவர் மென்றதைத் தன் வாயில் வாங்கிக்கொள்வதுபோல ஒவ்வொரு சொல்லும் கொழகொழவென்று இறங்கியது. நாக்கில் அழுகல் நாற்றம் ஒட்டியது. பல் தேய்த்தாள், உப்புநீரில் கொப்பளித்தாள், அது போகவில்லை.

தனக்கு என்ன ஆனாலும் ஆகட்டும், ஏழு வயது மகளை மட்டும் இந்த அசிங்கம் தொடக்கூடாது என்று தவித்தாள். அன்று சாயங்காலம் மகளுக்குக் கதை படித்துக்காட்டும்போது நடுவிலேயே குமட்டி, புத்தகத்தை அப்படியே போட்டுவிட்டுக் குளியலறைக்கு ஓடினாள்.

வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். அறை அமைதியாக இருந்தது. மகள் புத்தகத்தின் மேல் குனிந்திருந்தாள். உதடு அசையவில்லை. தொண்டை மட்டும் ஏறி இறங்கியது.

"என்னடி பண்ற?"

மகள் எதையோ சிரமப்பட்டு விழுங்கினாள். "நீ விட்ட எடத்துலேர்ந்து நானே மனசுக்குள்ள படிக்கிறேம்மா. ஆனா வாய் நெறஞ்சுக்கிட்டே இருக்கு."

"துப்பு."

உள்ளங்கையை நீட்டினாள். மகள் வாயைத் திறந்தாள். மஞ்சளாக, வெதுவெதுப்பாக வழிந்தது. கை நிரம்பியது. விரலிடுக்கில் நூலாக இறங்கியது. நிற்கவில்லை. மகளின் கண் மட்டும் வரி வரியாக, நிதானமாக, நகர்ந்துகொண்டே இருந்தது.