அரைப் பரல் தண்ணீர்

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்த ஜெசிதா, படலையைத் திறந்ததும் அப்படியே நின்றுவிட்டாள். உடுப்புக் கொடியில் அக்காவின் நீலக் காற்சட்டை காய்ந்துகொண்டிருந்தது.

அந்தக் காற்சட்டை அந்த நேரத்தில் அங்கே இருக்கவே கூடாது. குருநகர் இறங்குதுறைக்குப் பக்கத்தில், வள்ளங்களின் எஞ்சின் திருத்தும் இடத்தில், அக்காவோடுதான் அது இருக்க வேண்டும். பின்னேரம் ஐந்தரைக்குத்தான் முழங்காலில் கிறீஸ் பூசிக்கொண்டு அது வீட்டுக்கு வரும். "உதோடை உள்ளுக்கு வராதை!" என்று அம்மா குசினிக்குள் சமைத்தபடியே சத்தம் போடுவார்.

லவீனா அக்கா உயர்தரப் பரீட்சை எழுதி முடித்தவள். பெறுபேறு வரும்வரை சும்மா இருக்க மனமில்லாமல் அங்கே ஆறு மாதப் பயிற்சிக்குச் சேர்ந்தாள். சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது. "பொம்பிளைப் பிள்ளைக்கு எஞ்சின் என்னத்துக்கு?" என்று ஒழுங்கையில் போகிற வருகிற சிலர் கேட்டார்கள்தான். அக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆறு வயதிலேயே, அப்பாவின் வள்ளம் கரைக்கு வரும் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "இண்டைக்கு எஞ்சினுக்குத் தடிமன், இருமுது" என்று சொன்னவள் அல்லவா அவள்!

ஜெசிதா குசினிக்குள் எட்டிப் பார்த்தாள். அக்கா ஒரு சுளகு வெங்காயத்தை முன்னால் வைத்துக்கொண்டு இருந்தாள். கண்கள் சிவந்திருந்தன. ஆனால் ஒரு வெங்காயம்கூட உரிபட்டிருக்கவில்லை.

"அக்கா, உரிக்க முந்தியே அழுறியோ?"

"போடி அங்காலை."

"ஏன் வேளைக்கு வந்தனீ?"

"இனிப் போகமாட்டன். திங்கட்கிழமை மக்டலீன் மாமி வாறா. அவ வேலை செய்யிற புடவைக் கடையிலை ஒரு இடம் இருக்காம். அவவோடை போறன்."

"நீ புடவைக் கடையிலையோ? உனக்குக் கத்தரிப்பூ நிறத்துக்கும் நாவல் நிறத்துக்கும் வித்தியாசம் தெரியாதே!"

வேறு நாளென்றால் ஒரு வெங்காயம் பறந்து வந்திருக்கும். இன்றைக்கு ஒன்றும் வரவில்லை. ஜெசிதா புத்தகப் பையைக் கழற்றி வைத்துவிட்டு, அக்காவுக்குப் பக்கத்தில் குந்தினாள். தானும் ஒரு வெங்காயத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினாள். மூன்று வெங்காயம் முடிந்தபோது அக்காவின் வாய் திறந்தது.

நடந்தது இதுதான். கடலுக்குப் போய்வந்த எஞ்சினை, நல்ல தண்ணீர் விட்ட பரலுக்குள், அந்தப் பெரிய பீப்பாய்க்குள், இறக்கி ஓடவிடுவார்கள். அப்போது உள்ளே இருக்கும் உப்பு கழுவப்பட்டுவிடும். எஞ்சினுக்குள் ஒரு சின்ன ரப்பர்ச் சக்கரம் இருக்கிறது. அதுதான் தண்ணீரை உறிஞ்சி மேலே அனுப்பி, எஞ்சினைச் சூடாகாமல் காக்கிறது. எல்லாம் சரியாக இருந்தால், எஞ்சினின் பின்பக்கத் துளையால் மெல்லிய தாரையாகத் தண்ணீர் பாயும். கடல் தொழிலாளிகள் அதைப் பார்த்து, "எஞ்சின் ஒண்டுக்கு இருக்குது, இனிப் பயமில்லை" என்பார்கள்.

"ஒவ்வொரு நாளும் அந்தத் தண்ணி பரலுக்கு வெளியிலை நிலத்திலை விழும். பாக்க எனக்கு மனம் பதறும்" என்றாள் அக்கா. "இண்டைக்கு, என்னைப் பழக்கிற பிரியந்தினி அக்கா, 'லவீனா, மரியரட்ணம் ஐயாவின்ரை எஞ்சினைப் பரலிலை இறக்கி, தண்ணி விட்டு, நீரே தனிய ஓடவிடும்' எண்டு சொன்னவ. முதல் முதல் என்னைத் தனியாச் செய்ய விட்டது."

"பிறகு?"

"ஒண்டுக்கு இருக்கேல்லை."

ஜெசிதாவுக்குச் சிரிப்பு வந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்து அதை விழுங்கிக்கொண்டாள்.

"புகைதான் வந்தது. ரப்பர் எரிஞ்ச மணம். நான் பரலுக்கு அரைவாசித் தண்ணிதான் விட்டிருக்கிறன். எஞ்சின் உறிஞ்சிற ஓட்டை தண்ணிக்கு மேலை நிண்டிருக்குது. மரியரட்ணம் மாமா, 'படிச்ச பிள்ளையின்ரை வேலையைப் பாருங்கோ!' எண்டு கத்தினார். பிரியந்தினி அக்கா கத்தேல்லை. 'ஏன் லவீனா, ஏன் இவ்வளவு குறைய விட்டனீர்?' எண்டு மட்டும் கேட்டா."

"நீ என்ன சொன்னனீ?"

"ஒண்டும் சொல்லேல்லை. எனக்கே தெரியேல்லை. கை தானாவே நிண்டிட்டுது. நாளைக்குக் கதைப்பம் எண்டு அவ சொன்னவ. அனுப்பப் போறா எண்டு விளங்கீட்டுது. அனுப்ப முந்தி நானே வந்திட்டன்."

மறுநாள் சனிக்கிழமை. அவர்களுடைய வீட்டுக் கிணறு உவர். குடிக்கவும் சமைக்கவும் குழாய்த் தண்ணீர்தான். அது காலையில் ஒரு மணித்தியாலம் வரும். அதற்குள் எல்லாவற்றையும் நிரப்பிவிட வேண்டும். அக்கா குடங்களை நிரப்பினாள். ஒரு துளிகூட வழியவில்லை. கடைசியில் ஜெசிதா முகம் கழுவ வாளியை வைத்தாள். வாளி பாதி நிறைந்தபோது அக்காவின் கை குழாயைப் பூட்டிவிட்டது.

"அரை வாளி காணும் உனக்கு."

அக்கா வாளியைப் பார்க்கக்கூட இல்லை. பக்கத்து வீட்டுப் பூனையைப் பார்த்துக்கொண்டே பூட்டினாள்.

ஜெசிதா ஈர முகத்தோடு நிமிர்ந்தாள். "அக்கா! உன்ரை கை ஏன் நிண்டது எண்டு எனக்குத் தெரியும்!"

"என்ன?"

"நீ தண்ணியை மிச்சம் பிடிச்சனீ. அவ்வளவு நல்ல தண்ணியையும் பரலுக்குள்ளை ஊத்த உனக்கு மனம் வரேல்லை!"

அக்கா குழாயையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "அப்பிடித்தான் இருக்கும். ஆனா இப்ப போய் உதைச் சொன்னா, சாட்டுச் சொல்லுறன் எண்டுதான் நினைப்பினம்."

"நீ சொன்னாத்தானே சாட்டு?" என்று ஜெசிதா வாய்க்குள் முணுமுணுத்தாள்.

நல்ல வேளை, அம்மாவே வழி திறந்துவிட்டார். "லவீனா, சாப்பாட்டுப் பெட்டியை அங்கையே விட்டிட்டு வந்திட்டாய். எங்கடை வீட்டிலை மூடி ஒழுங்கா இறுகிற பெட்டி அது ஒண்டுதான்."

"நான் எடுத்துக்கொண்டு வாறன்!" என்று சொல்லி முடிக்கும்போது ஜெசிதா படலைக்கு வெளியே நின்றாள்.

எஞ்சின் திருத்தும் இடத்தில், கவிழ்த்துப் போட்ட மீன்பெட்டி ஒன்றில் மரியரட்ணம் மாமா குந்தியிருந்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் ஆளைப் பார்ப்பதுபோலத் தன் எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரியந்தினி காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு ஏதோ ஒரு பெட்டிக்குள் தேடிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இருபத்தேழு வயது. வட்டுக்கோட்டையில் இருந்து ஒவ்வொரு நாளும் மோட்டார் சைக்கிளில் வருபவள்.

"என்ன, கொக்கா ஒளிச்சிட்டாவோ?" என்று மாமா அக்காவைப் பற்றிக் கேட்டார்.

"ஒளிக்கேல்லை. வெங்காயம் உரிக்கிறா" என்றாள் ஜெசிதா. பிறகு பிரியந்தினியின் பக்கம் திரும்பினாள். "அக்கா, உங்கடை வீட்டுக் கிணத்துத் தண்ணி நல்லதோ?"

பிரியந்தினி வியப்போடு நிமிர்ந்தாள். "ஓம், இளநீர் மாதிரி இருக்கும். ஏன்?"

"ஒரு நாளைக்கு எத்தினை குடம் அள்ளுவியள்?"

"ஆர் பிள்ளை எண்ணுறது? மோட்டரைப் போட்டா வெங்காயத் தோட்டம் முழுக்கப் பாயும்."

"எங்கடை வீட்டிலை எண்ணுவம்" என்றாள் ஜெசிதா. "காலமை ஒன்பது குடம். எனக்கு முகம் கழுவ அரை வாளி. அக்காதான் பிடிக்கிறவ. சின்னனிலை இருந்து ஒரு துளி வழிய விட்டதில்லை. அதாலைதான் நேற்று அவவின்ரை கை பாதிப் பரலிலை நிண்டிட்டுது. வேணுமெண்டு செய்யேல்லை. அவவுக்கே அது இண்டைக்குக் காலமைதான் தெரிஞ்சது."

மரியரட்ணம் மாமா தலையைச் சொறிந்தார். அவரும் அதே ஒழுங்கைக்காரர்தான்; அவர் வீட்டிலும் குழாய்த் தண்ணீர்தான்.

"அதுவும் உண்மைதான்" என்றார் கடைசியில். "என்ரை மனுசியெண்டா கால் பரல்கூட விட்டிருக்கமாட்டா."

பிரியந்தினி காதில் இருந்த பென்சிலை எடுத்து விரல்களுக்கிடையில் உருட்டினாள். "பிழை எனக்கும் இருக்கு. 'தண்ணி விடும்' எண்டு மட்டும்தான் சொன்னனான். எவ்வளவுக்கு எண்டு சொல்லேல்லை. எங்கடை பக்கம் தண்ணி விடுறதெண்டா நிரம்ப விடுறதுதான். வேறை மாதிரியும் இருக்குமெண்டு எனக்கு யோசினையே வரேல்லை."

"அப்ப அக்காவை அனுப்பமாட்டியளோ?"

"அனுப்பிறதோ? ஆர் சொன்னது?" பிரியந்தினி சிரித்தாள். "நான் கொழும்பிலை பயிற்சிக்கு நிண்ட நேரம், ஒரு வான் எஞ்சினுக்கு எண்ணெய் மாத்தச் சொன்னவை. கீழ் மூடியைப் பூட்டாமல், மேலாலை புது எண்ணெயை விட்டிட்டன். நாலு லீற்றர்! அவ்வளவும் மனேஜரின்ரை சப்பாத்திலை."

"ஐயோ! பேச்சு விழுந்ததோ?"

"என்னைப் பழக்கின அக்கா பேசேல்லை. எனக்கு ஒரு பழந்துணி தந்து, தானும் ஒண்டை எடுத்துக்கொண்டு, பக்கத்திலை நிலத்திலை இருந்து துடைச்சவ. துடைச்சு முடிய, 'இப்ப நீரே திருப்பிச் செய்யும்' எண்டு சொன்னவ. அண்டைக்கு அவ என்னை வீட்டை போகச் சொல்லியிருந்தா, நான் இஞ்சை நிண்டிருக்கமாட்டன்."

"மனேஜர்?"

"அவர் வெறுங்காலோடை வீட்டை போனவர்."

மரியரட்ணம் மாமா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு ஏதோ நினைவு வந்தவராக, "அது சரி தங்கச்சி, நாளைக்குப் பூசை, கடலுக்குப் போறேல்லை. நாளையிண்டைக்கு விடிய எனக்கு எஞ்சின் வேணும். நேற்றுத் தொடக்கம் ஒருத்தரும் அதிலை கை வைக்கேல்லையே!" என்றார்.

"அதுக்குரிய ஆள் வரட்டும் எண்டுதான் ஐயா நான் தொடேல்லை." பிரியந்தினி ஒரு சிறிய பொட்டலத்தை எடுத்து அதில் பென்சிலால் ஏதோ எழுதி, ஜெசிதாவின் கையில் வைத்தாள். "இதைக் கொக்காட்டைக் குடும். ஒரு சொல்லும் சொல்லவேண்டாம்."

"ஒரு சொல்லுமோ?"

"ஒரு சொல்லும்."

அன்றைய நாளிலேயே ஜெசிதாவுக்குக் கடினமாக இருந்த வேலை அதுதான். வாயை இறுக்கி மூடிக்கொண்டு ஓடிவந்தாள். படலைக்குள் நுழைந்த பிறகும் தாக்குப்பிடித்தாள். அக்காவிடம் பொட்டலத்தை நீட்டி, கன்னம் இரண்டும் உப்ப, பேசாமல் நின்றாள்.

பொட்டலத்துக்குள் ஒரு புது ரப்பர்ச் சக்கரம் இருந்தது. மேலே, "எஞ்சின்: மரியரட்ணம் ஐயா. பூட்டுபவர்: லவீனா" என்று எழுதியிருந்தது.

லவீனா அதை இரண்டு தரம் வாசித்தாள். பிறகு முற்றத்துக்கு ஓடி, கொடியில் கிடந்த காற்சட்டையை உருவினாள். இரவுப் பனியில் கிடந்ததால் காற்சட்டைப் பைகள் இன்னும் ஈரம்.

"பெட்டி எங்கையடி?" என்று அம்மா கேட்டார்.

ஜெசிதா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "இப்ப திரும்பப் போகத்தானே போறம்!" என்றவள், குசினிக்குள் போய் அம்மாவின் சின்னச் சிவப்பு வாளியைத் தூக்கிக்கொண்டாள். நத்தார்ப் பண்டிகைக்கு வாங்கிய, நகத்துக்குப் பூசும் கியூட்டெக்ஸ் போத்தலையும் அலுமாரிக்குள் இருந்து எடுத்துக்கொண்டாள்.

"உது என்னத்துக்கு?" என்றாள் அக்கா.

"தேவைப்படும்."

இளநீர்க் கிணறு முதல் எல்லாக் கதையையும் ஜெசிதா வழியிலேயே சொல்லி முடித்தாள். போய்ச் சேர்ந்ததும் அக்கா எஞ்சினைக் கழற்றினாள். பிரியந்தினி பக்கத்தில் நின்றாள். ஆனால் கையைக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் நின்றாள். ஓர் ஆணி கழல மறுத்தது. அக்கா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். நேற்றுவரை அக்கா எதையும் கேட்பதில்லை. எது சொன்னாலும் "ஓம் அக்கா, ஓம் அக்கா" என்பதோடு சரி. இன்றைக்குக் கேட்டாள்.

"எந்தப் பக்கமாத் திருப்புறது அக்கா?"

பிரியந்தினி காட்டினாள். அதற்குப் பிறகு கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இது ஏன் இப்படி வளைந்திருக்கிறது? இதை மாறிப் பூட்டினால் என்ன நடக்கும்? எரிந்த சக்கரம் வெளியே வந்தது. புதியது உள்ளே போனது. கடைசி ஆணியையும் இறுக்கிவிட்டு அக்கா எழுந்தாள்.

"தண்ணி எவ்வளவுக்கு விடோணும்?"

"இந்தத் தட்டுக்கு மேலை நாலு விரல்" என்று எஞ்சினின் காலைத் தொட்டுக் காட்டினாள் பிரியந்தினி.

ஜெசிதா கியூட்டெக்ஸைத் திறந்து, நீலப் பரலின் உள்பக்கத்தில் அந்த மட்டத்துக்குச் சிவப்புக் கோடு ஒன்று கீறினாள். கோடு கொஞ்சம் கோணல். ஆனால் பளிச்சென்று தெரிந்தது.

அக்கா தண்ணீர்த் தாங்கியின் குழாயைத் திறந்தாள். பாதிப் பரலில் அவளுடைய கை தானாகவே குழாயின் பிடிக்குப் போனது. ஆனாலும் குழாயைப் பூட்டவில்லை. தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொட்டது.

கயிற்றை இழுத்தாள். எஞ்சின் இருமியது. இன்னொரு தரம் இழுத்தாள். டுர்ர்ர் என்று பிடித்துக்கொண்டது. எல்லோரும் பின்பக்கத் துளையைப் பார்த்தார்கள். ஒன்றும் வரவில்லை. மரியரட்ணம் மாமா மீன்பெட்டியில் இருந்து எழுந்தேவிட்டார்.

திடீரென்று மெல்லிய தாரையாகத் தண்ணீர் பாய்ந்தது. நேராக மாமா இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில்!

"ஒண்டுக்கு இருக்குது! ஒண்டுக்கு இருக்குது!" என்று மாமா ஈரச் சாரத்தோடு துள்ளினார்.

தண்ணீர் இனி நிலத்தில் விழப்போகிறதே என்று அக்காவின் முகம் சுருங்குவதற்குள், ஜெசிதா சிவப்பு வாளியோடு பாய்ந்துபோய் அதை ஏந்தினாள். வாளி நிறைந்ததும் பரலுக்குள் திரும்ப ஊற்றினாள். தண்ணீர் கோட்டுக்குக் கீழே இறங்கவே இல்லை.

பிரியந்தினி அந்த வாளியையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஒரு வரியமா நான் இஞ்சை நிக்கிறன். இது எனக்குத் தோணேல்லை."

"உங்களுக்குத்தான் இளநீர்க் கிணறு இருக்கே" என்றாள் லவீனா. சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பிரியந்தினி சிரித்த சிரிப்பில் எஞ்சின் சத்தமே கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை மக்டலீன் மாமி குடையும் கைப்பையுமாக வந்து முற்றத்தில் நின்றார். உடுப்புக் கொடி வெறுமையாக இருந்தது.

"எங்கை லவீனா? வெளிக்கிட்டிட்டாளோ?"

"அக்கா வேலைக்குப் போயிட்டா மாமி" என்றாள் ஜெசிதா.

அதே நேரத்தில் குசினிக்குள் இருந்து அம்மாவின் குரல் கேட்டது. "சாப்பாட்டுப் பெட்டி வந்திட்டுது. என்ரை சிவப்பு வாளியைக் காணேல்லையே! அது எங்கையடி?"

"அதுவும் வேலைக்குப் போயிட்டுது அம்மா!"