கறை படியாத இடம்

சுவரில் கறுப்புப் படிவது இன்ச்பிரே ஊரில் யாரையும் பயமுறுத்தாது. விஸ்கி ஆலையின் கிடங்குகளில் பீப்பாய் பீப்பாயாக உறங்கும் சரக்கு மரத்தின் வழியே கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றில் கசியும். அதைத் தின்று வளரும் பூஞ்சை வீடு, மரம், கல்லறை என்று எதையும் விட்டுவைக்காமல் கரி பூசும். குளிர் விட்டதும் பெண்கள் வாளியும் பிரஷுமாக இறங்கிச் சுவரைத் தேய்ப்பார்கள். தேய்த்துக்கொண்டே ஆலையைத் திட்டுவார்கள். வீட்டுச் சம்பளம் அங்கிருந்துதான் வந்தது என்பதால் கொஞ்சம் மெதுவாகத் திட்டுவார்கள். ஆனால் ரோனா இப்போது பார்த்துக்கொண்டிருந்த கறுப்பு வீட்டுக்குள்ளே இருந்தது. ஆலையை மூடி, கடைசிப் பீப்பாயும் லாரி ஏறி இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது.

அதுவும் மகள் அய்ல்சாவின் அறையில்.

பக்கத்து வீட்டு சேண்டியைக் கூப்பிட்டாள். கிடங்கில் பீப்பாய் உருட்டியே முதுகு வளைந்த மனிதர்.

"கூரை ஒழுகுது ரோனா. வெறும் ஈரம். இதுக்கா என்னைக் கையில டீயோட கூட்டிட்டு வந்தே?"

"ஈரத்துக்கு வெனிலா வாசம் வருமா சேண்டி?"

அவர் மூக்கை உறிஞ்சினார். சிரிப்பு வந்தது அவருக்கு. "அட, நம்ம பழைய சோளச் சரக்கு! வடக்கே பார்லி மால்ட்ல காய்ச்சுறவனுங்க இதை மண்ணெண்ணெய்னு கேலி பண்ணுவானுங்க. மத்த விஸ்கியில கலக்கத்தான் லாயக்குன்னு. இப்போ அதே மண்ணெண்ணெயை மோந்து பார்க்க வரிசையில நிக்கிறானுங்க, தெரியுமா..."

பாதியில் நிறுத்தினார். ஜன்னலோரம் கறுப்புக்கு நடுவே ஓரிடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. ரோனாவின் இடுப்பு உயரம். மேலே உருண்டை, கீழே குறுகிய இரண்டு தோள்கள்.

"அங்க ஏதாவது சாமான் வச்சிருந்தியா?"

"இல்ல."

"பிளீச் போட்டுத் தேய்ச்சுடு. இன்னிக்கே தேய்ச்சுடு. பாத்துக்கிட்டு நிக்காதே." டீயை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அய்ல்சா பிறந்த அன்று ரோனாவின் கணவன் ஹியூ ஒரு பீப்பாயை நிரப்பி, அதன் முகப்பில் சுண்ணாம்புக்கட்டியால் அவள் பெயரை எழுதினான். அவள் கல்யாணத்துக்கு உடைக்கவேண்டியது. ஆலையில் கூரையைத் தொடும் உயரத்துக்கு நின்று இரவும் பகலும் ஓயாமல் காய்ச்சிய அந்தச் செம்புக் கோபுரத்துக்குக் காவல் அவன்தான். ஒருநாள் அவனுக்குச் சாப்பாடு கொடுக்க மகளைக் கூட்டிக்கொண்டு போனாள் ரோனா. மக்காச்சோளம் கொட்டும் குழி திறந்து கிடந்தது. புறா ஒன்று அதன்மேல் இறங்கியது. அதைப் பிடிக்க ஓடினாள் குழந்தை. பார்ப்பதற்குச் சோளம் தரை போலத்தான் இருந்தது.

ரோனா குப்புற விழுந்து கையைப் பிடித்துவிட்டாள். குழந்தையும் அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அடியில் சோளம் அரவைக்குப் போய்க்கொண்டே இருந்தது. எந்திர இரைச்சலில் அவள் அலறியது யாருக்கும் கேட்கவில்லை. உமித்தூள் கையை வழுக்கியது. ஐந்து சின்ன விரல்கள் இருந்தன. பிறகு இல்லை. அதற்குப்பின் ஒருநாளும் ஹியூ அவளைக் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று அவன் சாகும்வரை நினைத்தாள்.

கிடங்கு காலியானபோது அந்தப் பீப்பாயில் மிஞ்சியிருந்த விஸ்கியைப் பாட்டில்களில் அடைத்துக் கொண்டுவந்து கொடுத்தவர் சேண்டிதான். அவை குழந்தையின் கட்டிலுக்கடியில் திறக்காமலே கிடந்தன.

ரோனா தேய்த்தாள். கண் எரிய, நகம் உரியத் தேய்த்தாள். மங்கிய குளிர்கால வெளிச்சத்தில் சுவர் முழுக்கப் பளிச்சென்று ஆனபிறகுதான் தான் செய்த காரியம் உறைத்தது. வெள்ளைச் சுவரில் வெள்ளை உருவத்தை எங்கே தேடுவது? வந்த பிள்ளையைத் தன் கையாலேயே துடைத்துவிட்டாள். வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சின்னப்பிள்ளை போல வாய்விட்டு அழுதாள்.

அழுது முடித்ததும் கட்டிலுக்கடியில் கைவிட்டாள்.

முதல் பாட்டிலைத் திறந்தபோதே வெனிலாவும் தேங்காய் மிட்டாயும் அறையை நிறைத்தன. சுவரில் ஊற்றினாள். தரையில், மெத்தையில், ஜன்னல் திட்டில் ஊற்றினாள். கடைசி மிடறை மட்டும் குடித்தாள். இனிப்பாக இருந்தது. கல்யாணத்தில் எல்லோரும் ஒரு மிடறு கேட்டிருப்பார்கள்.

"அய்ல்சா, அம்மா இங்கதான் இருக்கேன். கோவிச்சுக்காதடி. வா."

கதவைச் சாத்திவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து, தரையில் கால் ஊன்றிக் காத்திருந்தாள். இருட்டிக்கொண்டு வந்தது. எங்கோ மழை பிடித்ததுபோல் ஒரு சத்தம். ஜன்னலைப் பார்த்தாள். கண்ணாடியில் ஈரமில்லை. மழைச் சத்தத்தில் தண்ணீர் இருக்கும். இது காய்ந்த சத்தம், தானியம் சரியும் சத்தம். தரைப் பலகைக்கு அடியிலிருந்து வந்தது.

சுவர் கறுத்தது.

ஜன்னலோரம் பார்த்தாள். கறுப்பு. கதவோரம். கறுப்பு. விளக்கைப் போட்டாள். கூரைவரை எங்கும் ஒரு வெள்ளைப் புள்ளியில்லை.

"அய்ல்சா?"

மெத்தை கறுத்தது. அவள் பாவாடை கறுத்தது. முழங்கை வரை கை கறுத்தது. துடைத்தாள். போகவில்லை.

அப்போதுதான் பார்த்தாள்.

இடது மணிக்கட்டில் கறை படியவில்லை. மெல்லிய நான்கு வெள்ளைக் கோடுகள். அடிப்பக்கம் சின்னதாக ஒரு கட்டைவிரல்.

கோடுகள் இறுகின. தோல் அமுங்கியது.

காலுக்கடியில் பலகை இளகியது. பாதம் உள்ளே போனது. கணுக்கால் போனது. சோளம் சரிந்துகொண்டே இருந்தது.

அந்தப் பிடி கீழே இழுத்தது.

ரோனா இன்னொரு கையையும் கொடுத்தாள்.