அருட்செல்வன் மூச்சைக் கவனித்தபோது

மாமி இறந்து ஒரு வருடம் முடிய வரும் ஆட்டைத் திவசத்துக்குப் பத்மாசினி பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். காலை பஸ்ஸில் சாவகச்சேரியிலிருந்து அரியாலைக்கு வந்திறங்கிய மச்சாள் சுவர்ணா, செருப்பைக் கழற்ற முதலே தொடங்கிவிட்டாள்.

"படைக்கிறாவாம் படையல்! என்னைப் பெத்தவ ஆசுப்பத்திரியிலை இழுத்துக்கொண்டு கிடக்கேக்கை எனக்கொரு போன் எடுக்க மனம் வரேல்லை... நான் வந்து பாத்தது பிணத்தையெல்லோ! நீயும் ஒரு பொம்பிளையோ?"

பத்மாசினியின் கத்தி நின்றது. ஒரு வருடமாகக் கலியாண வீடு, செத்த வீடு எங்கு போனாலும் இந்தக் கதை அவளுக்கு முன்னமே போய்க் கதிரை பிடித்து உட்கார்ந்திருந்தது.

அன்று அவள் போன் எடுத்தவள்தான். அதைப் பறித்தவர் அவளுடைய புருசன் அருட்செல்வன். "என்ரை மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுக்கு வராதவளுக்கு இப்ப என்னத்துக்குச் சொல்லுறாய்? நாளைக்குப் பாப்பம்." மாமி நாளை வரைக்கும் பொறுக்கவில்லை. அக்காவும் தம்பியும் பகையாகக் கூடாதென்று பத்மாசினி பழியைத் தானே சுமந்தாள்.

இன்று அவள் புருசனைப் பார்த்தாள். அவர் அண்மையில் பக்கத்துத் திருநெல்வேலியில் தியான வகுப்புக்குப் போய்வந்தவர். வாயில் வந்ததை உடனே கொட்டக்கூடாது. கண்ணை மூடி, மூச்சைக் கவனித்து, பிறகுதான் பேசவேண்டும் என்பது பாடம். அதன்பிறகு வீட்டில் கோப்பை பறக்கவில்லை. நல்ல பாடந்தான்.

"அக்கா... அது வந்து..."

வாழ்நாளில் முதல்தடவையாக உண்மை அருட்செல்வனின் வாய்வரை வந்தது. கண்ணை மூடினார். மூச்சைக் கவனித்தார். உண்மை அடங்கிவிட்டது.

"பார், உன்னைக் கட்டின பாவத்துக்கு என்ரை தம்பி எவ்வளவு பொறுமையாய் இருக்கிறான்!" என்று சுவர்ணா அழுதாள்.

"இஞ்சாருங்கோ, கண்ணைத் திறவுங்கோ," என்றாள் பத்மாசினி. அவர் திறக்கவில்லை.

"நானும் ஒரு வருசமா மூச்சைப் பிடிச்சுக்கொண்டுதான் இருந்தனான்... எனக்கு ஒருத்தரும் வகுப்பு எடுக்கேல்லை. மச்சாள், நான் உங்களுக்குப் போன் எடுத்தனான். என்ரை கையிலையிருந்து பறிச்சது உங்கடை தம்பி!"

"டேய்... உண்மையோடா?"

மூடிய இமைகளுக்குள்ளிருந்து கண்ணீர் வழிந்தது. சுவர்ணாவுக்கு அது போதும். அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள்.

"அம்மா... கடைசியிலை என்னைத் தேடினவவோ?"

இல்லை என்று சொல்வது சுகம். பத்மாசினி ஒரு மூச்சு பொறுத்தாள்.

"ஓம் மச்சாள். கதவைப் பாத்துக்கொண்டே கிடந்தவ."

சுவர்ணா அவளைக் கட்டிப்பிடித்துக் குழறி அழுதாள். "உன்னை எத்தினை பேரிட்டை என்னவெல்லாம் சொல்லிப்போட்டன்... ஐயோ!"

"அக்கா," என்றார் அருட்செல்வன், கடைசியில் கண்ணைத் திறந்து.

இருவரும் திரும்பவில்லை. இனி அவர் எவ்வளவு நேரமும் மூச்சைக் கவனிக்கலாம். அவரிடம் கேட்க அங்கே ஒருவருக்கும் ஒன்றும் இருக்கவில்லை.